பின்பனிக்குக் காத்திருக்கும் சரிவுகள்

பனிச்சறுக்குப் பருவத்துக்கு ஆட்கள் தயார், கருவிகள் தயார். பனி மட்டும் தாமதமாகிறது. தாமதமாக வரும் பனிக்குத் தயாராவது வேறு கலை.

நவம்பர் முடிவதற்குள் குல்மார்கில் எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள். வாடகைக் கடைகளில் ஸ்கீகளின் எஃகு விளிம்பில் கோடை முழுக்கப் படிந்த துருவை அரத்தால் தேய்த்து எடுக்கிறார்கள். அடிப்பாகத்தில் புதிய மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஏற்றுகிறார்கள். ஸ்லெட்ஜ் வண்டி இழுப்பவர்கள் ஆடும் மரச்சட்டங்களுக்கு ஆணி அடிக்கிறார்கள். ஓட்டல்களின் பின்கட்டில் விறகு அடுக்கியாகிறது. பந்தி விரித்து இலையும் போட்டாகிவிட்டது. வரவேண்டிய விருந்தாளி ஒருவர்தான்: பனி. சமீப ஆண்டுகளில் சொன்ன நேரத்துக்கு வராதவரும் அவர்தான்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, இரண்டுக்குப் பனியின் பெயரை வைத்திருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழ்நாட்டில் அந்தப் பனி புல் நுனியில் நிற்கும் துளி. மிஞ்சிப் போனால் உதகையில் விடியற்காலை வெள்ளைப் பூச்சு. காஷ்மீரிகளும் குளிர்காலத்தைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் சில்லாய் கலான். அடுத்த 20 நாள் சில்லாய் குர்த். கடைசி 10 நாள் சில்லாய் பச்சா. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர் என்று சொல்லலாம். இவற்றில் 40 நாள் பெரிய குளிர் ஏறக்குறைய நம் முன்பனிக் காலம். அப்போது விழும் பனிதான் இறுகி, நிலைத்து, கோடைவரை ஓடைகளுக்குத் தண்ணீர் தரும் பனி. பனிச்சறுக்குக்கு அடித்தளமும் அதுவே. கிறிஸ்துமஸ் வாரத்தில் தொடங்கி மார்ச்சில் முடியும் பருவம் என்பது அந்த நம்பிக்கையில் போட்ட பழைய கணக்கு.

அந்தக் கணக்கு இப்போது முன்பனியிலிருந்து பின்பனிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்கின் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்தது. பனி பார்க்க வந்தவர்கள் வாடிய புல்லின்மீது நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நல்ல பனி விழ ஜனவரிக் கடைசி ஆயிற்று. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி பிப்ரவரி 22இல் தொடங்குவதாக இருந்தது. போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது. தமிழ்க் கணக்கில் மாசி மாதக் கடைசி.

பனி தாமதமாவது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. இந்து குஷ் முதல் கிழக்கு இமயமலை வரை பனிப்போர்வை எத்தனை நாள் நிலத்தில் நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கணக்கிடும் காத்மாண்டுவின் ஐசிமோட் நிறுவனம், 2025இல் அது வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு என்று அறிவித்தது. 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு. தென்மேற்குப் பருவமழைக்கு எதிர்பார்த்துக் காத்திருந்து பழகிய நாடு, மேற்கிலிருந்து வரும் இன்னொரு மழையை அதிகம் கவனிப்பதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதும் 'மேற்கத்திய இடையூறுகள்' தாம் காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் பனியைக் கொண்டுவருகின்றன. அவை வராவிட்டாலும் பிரச்சினை, வலுவில்லாமல் வந்தாலும் பிரச்சினை. சற்று வெப்பமான காற்றோடு வந்தால் மேலே பனி, கீழே மழை.

ஆகவே பனிச்சறுக்குக்குப் போக நினைப்பவர் முதலில் தயார் செய்ய வேண்டியது ஸ்கீயை அல்ல, தேதியை. டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறைக்கு வசதி; பனிக்கு அது வசதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிப்ரவரி இரண்டாவது வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை வாய்ப்பு அதிகம். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. அறை முன்பதிவை மாற்ற முடியுமா, விமானச் சீட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுவது நல்லது. கடும் பனி நாட்களில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவதும், டங்மார்கிலிருந்து குல்மார்குக்கு ஏறும் 13 கி.மீ. மலைப்பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டிகள் நிறுத்தப்படுவதும் சகஜம். திரும்பும் நாளுக்கும் அலுவலகம் போக வேண்டிய நாளுக்கும் இடையில் ஒரு நாளாவது காலியாக இருக்கட்டும்.

இந்தியாவில் இந்த விளையாட்டு புதிதல்ல. பிரிட்டிஷார் 1927லேயே குல்மார்கில் ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். 1948இல் பாகிஸ்தானுடனான போருக்கு நடுவே ராணுவம் அங்கே ஆரம்பித்த சறுக்குப் பள்ளிதான் பின்னாளில் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 1960களின் இறுதியில் மத்திய சுற்றுலாத் துறை பயிற்சி நிலையம் அமைத்தது. 1998இல் கேபிள் காரின் முதல் கட்டமும், 2005இல் இரண்டாம் கட்டமும் வந்தன. மணாலி பக்கம் சோலாங், சிம்லாவுக்கு மேலே நார்கண்டா, உத்தராகண்டில் அவுலி என்று மற்ற சரிவுகளும் உண்டு. குல்மார்கிலும் மணாலியிலும் உள்ள அரசு நிலையங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள் தனியார் பொட்டலச் சுற்றுலாக்களைவிட மலிவு, கண்டிப்பும் அதிகம். ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்துச் சறுக்கவைத்துப் படமெடுத்து அனுப்பும் வழக்கத்துக்கும், விழவும் எழவும் திரும்பவும் நிற்கவும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கும் உள்ள தூரம், நீச்சல் குளத்தில் கால் நனைப்பதற்கும் நீந்துவதற்கும் உள்ள தூரம்.

உடம்பைத் தயார் செய்யும் வேலை ஊரிலேயே தொடங்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம் முன்பாக. சறுக்குபவரின் தொடைத் தசை நாள் முழுவதும் அரை உட்காரலில், உடல் எடையைத் தாங்கியபடி நீளவும் இறுகவும் செய்கிறது. இதற்கு நெருக்கமான பயிற்சி மாடிப்படி; ஏறுவது அல்ல, இறங்குவது. நாலு மாடி நிதானமாக இறங்கி, ஏறி, மறுபடி இறங்குபவருக்கு உடற்பயிற்சிக் கூடம் அவசியமில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது இன்னொன்று. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது மூன்றாவது. ஸ்கீயில் அதிகம் அடிபடுவது முழங்கால், அதன் உள்ளே குறுக்காக ஓடும் தசைநார். இரு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும் ஸ்னோபோர்டில் அடிபடுவது மணிக்கட்டு. விழும்போது கை தானாகத் தரையைத் தேடிப் போகிறது. எனவே ஸ்னோபோர்டு கற்பவர் மணிக்கட்டுக் காப்பு அணிவதும், கையை ஊன்றாமல் மடக்கிக்கொண்டு விழப் பழகுவதும் முதல் பாடம். பெரும்பாலான காயங்கள் களைத்துப் போன காலில் வரும். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற ஆசை வரும்போது நிறுத்துவதும் பயிற்சிதான்.

கருவிகளில், ஆரம்பத்தில் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கே கிடைக்கும். ஆனால் பூட்ஸை அவசரமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்கீ எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே கால் ஆடினால் கட்டளை பலகைக்குப் போய்ச் சேராது. நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறை போடுவது தென்னிந்தியர்களின் பொதுத் தவறு. ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் மேலும் சில்லிடும். ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை போதும். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் வியர்வையையும் பனியையும் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்குக்கு ஒரு அளவுகோல் உண்டு. விழும்போது எவ்வளவு விசையில் அது கழன்று காலை விடுவிக்க வேண்டும் என்பதை, சறுக்குபவரின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் நீளம் ஆகியவற்றை வைத்துத் திருகி அமைக்கிறார்கள். கடைக்காரரிடம் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்பவர் தம் முழங்காலையே பணயம் வைக்கிறார். கடைக்காரர் கேட்காமலே பூட்டிக் கொடுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் இதே கண்டிப்பு தேவை. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக்கதிரின் அளவு சுமார் 10 சதவிகிதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவிகிதம் வரை திருப்பி அனுப்புகிறது. வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும் இடம் அது. கருத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துப் போகிறவர் இரண்டாம் நாள் மூக்கு உரிந்து நிற்பார். கண்ணாடி இல்லாதவருக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும்.

சென்னையில் காலையில் கடல் மட்டத்தில் காபி குடித்தவர், அன்று இரவே குல்மார்கில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் படுக்க முடிகிறது. மறுநாள் கேபிள் காரில் இரண்டாம் கட்டமும் ஏறினால் ஏறக்குறைய 4,000 மீட்டர். நுரையீரல் அத்தனை வேகமாகப் பயணம் செய்வதில்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் ஒரு நாள் ஓய்வு. குறையாவிட்டால் கீழே இறங்குவது. மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் ஏறுவது ஒருபோதும் கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் சறுக்குபவரைப் பற்றியவை. கீழே, ஒழுங்குபடுத்தப்பட்ட இளஞ்சரிவுகளில் சறுக்குபவருக்கு இவை போதும். கேபிள் கார் அஃபர்வாட் மலையின் தோளில் இறக்கிவிட்ட பிறகு காண்பது வேறு உலகம். கேபிள் காருக்குக் கீழே உள்ள பகுதியைப் பாதுகாப்புக் குழு கண்காணிக்கிறது. அதன் இருபுறமும் விரியும் மலை யாருடைய பொறுப்பிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து தேர்ந்த சறுக்குவீரர்கள் குல்மார்குக்கு வருவதே அந்தக் கன்னிப் பனிக்காகத்தான். சமீப காலமாக மும்பை, பெங்களூர், டெல்லி இளைஞர்களும் அங்கே ஏறுகிறார்கள். அங்கே படிக்க வேண்டியது பனியை.

பனி என்ற ஒற்றைச் சொல்லில் தமிழ் துளியையும் மூட்டத்தையும் உறைவையும் அடக்கிவிடுகிறது. மலையிலோ பனி அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் அது விழுந்த நாளின் வானிலையை நினைவில் வைத்திருக்கிறது. பனி நிறைய விழுந்த ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு என்று யாரும் நினைக்கக்கூடும். உண்மை பல சமயம் நேர்மாறானது. டிசம்பரில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் வெறிச்சென்று இருந்தால், நிலத்தின் இளஞ்சூட்டுக்கும் இரவின் கடுங்குளிருக்கும் இடையே அந்த மெல்லிய பனிப்படலம் மாட்டிக்கொள்கிறது. அதற்குள் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத, சீனி போன்ற படிகங்கள் உருவாகின்றன. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். அதன்மேல் பிப்ரவரியில் இரண்டே நாளில் மூன்றடிப் பனி விழுந்து இறுகினால், கடுகைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்த கதை. யாராவது ஏறும் வரை பலகை அசையாமல் கிடக்கும்.

காஷ்மீரின் புதிய காலண்டர் இந்தக் கடுகையும் பலகையையும் தேடித் தருகிறது. வறண்ட முன்பனி, பிறகு திடீரென்று கொட்டும் பின்பனி. 2024இல் நிகழ்வுகளின் வரிசை கவனிக்கத்தக்கது. ஜனவரி முழுக்க வறட்சி. பிப்ரவரியில் கனத்த பனி. பிப்ரவரி 22 அன்று, கீழே கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, மேலே பனிச்சரிவு ஒரு ரஷ்ய சறுக்குவீரரின் உயிரைக் குடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அனுபவம் காப்பாற்றிவிடும் என்பவர்களுக்கு 2010 பிப்ரவரி 8 ஒரு பதில்: கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவக் குழுவைப் பனிச்சரிவு மூடியதில் 17 பேர் மாண்டார்கள். அந்த மலையை அவர்களைவிட அறிந்தவர்கள் அதிகம் இல்லை.

பனிச்சரிவில் புதைந்தவருக்கு நேரம்தான் எல்லாம். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. கீழேயிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும். கூடப் போனவர்தான் மீட்புக் குழு. அதனால் மேலே ஏறும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருந்தாக வேண்டும். ஒன்று, 457 கிலோஹெர்ட்ஸில் ஒலியலை அல்லாத வானொலிச் சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் வல்ல சிறு கருவி. உலகெங்கும் ஒரே அலைவரிசை. உடம்போடு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு, மடக்கி நீட்டக்கூடிய நீளமான துழாவுகோல். மூன்று, உலோக மண்வெட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டி சரிந்து இறுகிய பனியில் உடையும். அந்தப் பனி சிமெண்ட்.

வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ எளிது. பயன்படுத்தத் தெரிவதுதான் தயாரிப்பு. கருவியை எடுத்து முதல்முறையாகப் பொத்தானைத் தேடும் இடம் பனிச்சரிவாக இருக்கக் கூடாது. ஒரு கருவியைத் துணிப்பையில் சுற்றி நண்பர் புதைத்து வைக்க, மற்றவர் கடிகாரத்தோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பனி தேவையில்லை. மெரினா மணல் போதும், ஜுஹு மணலும் போதும். ஐந்து நிமிடத்துக்குள் துழாவுகோல் பையைத் தட்டும் வரை பழக வேண்டும். கைபேசியைத் தேடும்போது அணைத்துவிட வேண்டும். அதன் மின்காந்த அலை கருவியைக் குழப்பும்.

புதைந்தவரைத் தேடுவதைவிடப் புதையாமல் இருப்பது மேல். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு மிகவும் ருசியான சாய்வும் அதுதான் என்பது இயற்கையின் குறும்பு. சிக்கியவர்களில் பெரும்பாலோரின் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்களோடு வந்தவரோதான். மலை தானாக வந்து தாக்கவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்கின் பாதுகாப்புக் குழுவிடமும் அன்றன்றைய நிலவரம் தெரிந்துகொள்ளலாம். பனிப்புயல் ஓய்ந்து வானம் நீலமாக விடியும் முதல் நாள்தான் மனம் துள்ளும் நாள். மலை இன்னும் அடங்காத நாளும் அதுவே. ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை அடி பனி விழுந்தது என்று கேட்பது சுற்றுலாப் பயணியின் கேள்வி. எதன்மேல் விழுந்தது என்று கேட்பவரே சறுக்குபவர்.

பனி தாமதமாவதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அது பனியில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. வழிகாட்டிகள், ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், வாடகைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு சில வாரங்களில் வந்தாக வேண்டும். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, பள்ளத்தாக்கின் 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. கோடைக்கால வருமானம் போயிற்று. குளிர்காலம்தான் கைகொடுக்க வேண்டும். ஜனவரி வறண்டால் அந்த இழப்பை பிப்ரவரியில் ஈடுகட்ட வேண்டும். எதிர்ப்பக்கம், மூன்று நாள் விடுப்பும் மாற்ற முடியாத பயணச்சீட்டுமாக வந்திறங்கும் வாடிக்கையாளர். அவருக்கும் பொறுமை இல்லை. இருவருடைய அவசரமும் ஒரே திசையில், மேல்நோக்கி, தள்ளுகிறது. மலை தயாராக இல்லாத நாளில் இருவரும் தயாராக நிற்கிறார்கள்.

பனி வராவிட்டால் பனியைச் செய்துகொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. பனி செய்யும் இயந்திரம் மந்திரம் ஏதும் செய்வதில்லை. அழுத்தப்பட்ட காற்றோடு தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறது. உறையவைப்பது குளிர்காற்றின் வேலை. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்காவிட்டால் இயந்திரம் வெறும் தோட்டக் குழாய். மின்சாரமும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியில் நடந்தது. இந்தியா அனுப்பிய ஒரே வீரரான ஆரிஃப் கான், குல்மார்கில் தந்தையின் ஸ்கீ கடையை ஒட்டி வளர்ந்தவர், அந்தப் பனியில்தான் ஜயண்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம் பிடித்தார். சீனா செலவழித்தது. அவுலிக்கும் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக இத்தகைய இயந்திரங்கள் வந்தன, செயற்கை ஏரியும் வெட்டப்பட்டது. ஆனால் 2023இல் அங்கே நடக்கவிருந்த போட்டிகள் பனியில்லாமல் ரத்தாயின. அதே ஆண்டு ஜனவரியில் கீழே உள்ள ஜோஷிமட் நகரின் வீடுகள் விரிசல் விட, அவுலிக்குச் செல்லும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. மலைக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்காமல் ஏற்பாடுகளை மட்டும் அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நகரம் சாட்சி.

அரசு செய்யக்கூடியது வேறு இருக்கிறது. வழிகாட்டிகளுக்குப் பனிச்சரிவுப் பயிற்சியும் சான்றிதழும், கருவி இல்லாதவரைக் கட்டுப்பாடற்ற சரிவுக்கு விடாத ஒழுங்கு, பனி பொய்க்கும் ஆண்டில் சறுக்குத் தொழிலாளிக்குக் காப்பீடு. மழை பொய்த்தால் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு உண்டு என்று ஏற்றுக்கொண்ட நாட்டில், பனியை நம்பிப் பிழைப்பவருக்கு அது ஏன் கூடாது என்பது நியாயமான கேள்வி.

பயணியும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது எந்தக் கடையின் பட்டியலிலும் இல்லை. மேலே போக வழிகாட்டியை அமர்த்தும்போது, கூலி பேசும்போதே, ஒன்றைச் சேர்த்துப் பேசிவிட வேண்டும்: காலையில் பனியைத் தோண்டிப் பார்த்துவிட்டு அவர் 'இன்று வேண்டாம்' என்று சொன்னாலும் அன்றைய கூலி முழுதாக அவருக்கு உண்டு. வேண்டாம் என்று சொல்வதால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அவரிடம் மலையைப் பற்றி உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இறங்கி வந்து, கங்ரி நெருப்பில் கை காய்ச்சி, நூன் சாய் குடித்துவிட்டுக் கீழ்ச்சரிவில் பழகலாம். மறுநாளும் மலை அங்கேதான் இருக்கும்.